ஈரலை மட்டும் அறுத்து வந்தால்: கடல் உயிர்களில் பாதரசம் தேடுவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு ஆய்வு மாணவி போன் செய்தார். கரை ஒதுங்கிச் செத்த ஓங்கில் (டால்பின்) ஒன்றின் ஈரலைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார், முடிவு வந்திருக்கிறது. "சார், மெர்குரி பயங்கரமா இருக்கு. விஷத்துலதான் செத்திருக்கு, இல்லையா?" குரலில் பாதி வருத்தம், பாதி உற்சாகம். அந்த உற்சாகம் எனக்குப் பழக்கமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே குரலில் நானும் ஒருவருக்குப் போன் செய்திருக்கிறேன்.

கையுறை, லேபிள், வனத்துறை அனுமதி இதெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்துவிடுவார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

## ஈரலில் வந்த எண்ணை விஷ அளவு என்று படிப்பது

மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு ஓங்கில் ஒதுங்கியதாக விடியற்காலையில் தகவல் வந்தது. நான் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. வயிறு ஊதி, வால் துடுப்பை நாய் கடித்திருந்தது. குழி தோண்ட வந்த ஜேசிபி பக்கத்தில் உறுமிக்கொண்டே நிற்க, டீசல் போகுது சார் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஈரல்தான். ஒரு துண்டு வெட்டி ஐஸ் பெட்டியில் போட்டேன். மூளை வேண்டுமென்றால் மண்டையை அறுக்க வேண்டும், ரம்பம் இல்லை. தசை எதற்கு, விஷமெல்லாம் ஈரலில்தானே சேரும் என்று நினைத்தேன்.

கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வந்த எண் மூன்று இலக்கம். "பாதரச நச்சால் மரணம்" என்று ஒரு பக்கம் எழுதி, மூத்தவர் ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போனும் செய்தேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். "தம்பி, இதுக்கு வயசு என்ன? செலினியம் பாத்தியா? மூளை எங்க?" மூன்றுக்கும் பதில் மணலுக்கு அடியில் கிடந்தது. அந்த வருஷம் எங்களுக்குக் கிடைத்த ஒரே உடல் அது.

ஓங்கில் தின்னும் மீனின் தசையில் இருக்கும் பாதரசம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் பாதரசம், அதாவது மெத்தில் என்ற கரிமத் துணுக்கு ஒட்டிய பாதரசம். நரம்பைத் தாக்குவதும், மூளைக்குள்ளும் கருவுக்குள்ளும் நுழைவதும் அதுதான். ஆனால் வளர்ந்த ஓங்கிலின் ஈரல் அந்த மெத்திலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, மிஞ்சும் பாதரசத்தைச் செலினியத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. பாதரச செலினைடு என்ற இந்தச் சேர்மம் பாறையில் கிடைத்தால் அதற்கு டைமனைட் என்று பெயர். கரையாத, நுண்ணிய கருந்துகள்கள். ஈரலை விட்டு லேசில் வெளியேறாமல் வருஷா வருஷம் குவிகின்றன. மத்தியதரைக் கடலின் முதிர்ந்த ஓங்கில்களின் ஈரலில் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் அளந்திருக்கிறார்கள். அவை எல்லாமே பாதரசத்தால் செத்தவை அல்ல. பெரிய எண் பல சமயம் சொல்வது, இது கிழட்டு விலங்கு என்பதைத்தான்.

குட்டியில் கதை தலைகீழ். மொத்த எண் சின்னதாக இருக்கும், ஆனால் அதில் பெரும்பங்கு இன்னும் மெத்தில் வடிவத்தில் இருக்கும். எண்ணை மட்டும் பார்க்கிறவர் கிழத்துக்காக அழுதுவிட்டுக் குட்டியைக் கவனிக்காமல் போய்விடுவார்.

அப்படியானால் செலினியம் இருந்தால் பயமில்லை என்று முடிவுகட்டுவதும் தப்பு. பாதரசம் கட்டிவைத்த செலினியம் உடம்புக்கு உதவாது. செல்லைக் காக்கும் சில நொதிகளுக்குச் செலினியம் இல்லாமல் வேலை ஓடாது. அதனால் இரண்டையும் அளக்க வேண்டும். அளந்ததை மில்லிகிராமுக்கு மில்லிகிராம் என்று ஒப்பிடுவது எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டும் இன்னொரு காரியம். பாதரசத்தின் அணு எடை 201, செலினியத்தின் அணு எடை 79. அணு எடையால் வகுத்து, மோல் கணக்கில், அதாவது அணுக்களின் எண்ணிக்கையில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கு ஒன்று அருகே வந்தால் பெரும்பகுதி கட்டுண்டு கிடக்கிறது என்று ஊகிக்கலாம். வகுக்காமல் "பாதரசம் இரண்டரை மடங்கு அதிகம்" என்று எழுதிய ஒரு அத்தியாயத்தை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த இரண்டரை மடங்குதான் ஒன்றுக்கு ஒன்று!

ஆகவே ஈரலோடு தசை, சிறுநீரகம், முடிந்தால் மூளை. கார் டிக்கியில் ஒரு ரம்பம் கிடக்கட்டும்.

## கொழுப்பில் தேடுவது

டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் மாதிரி பாதரசமும் தோலடிக் கொழுப்பில்தான் சேரும் என்று நினைத்து, கொழுப்பை மட்டும் வெட்டி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெத்தில் பாதரசம் ஒட்டுவது புரதத்தில் உள்ள கந்தகத்தில். மீனின் கொழுப்பை வழித்தெடுத்துவிட்டால் பாதரசம் போய்விடும் என்ற சமையலறை நம்பிக்கையும் இதே ரகம்.

## ஈர எடையா, உலர் எடையா?

எழுதுங்கள். தசையில் முக்கால் பங்கு தண்ணீர், எழுதாவிட்டால் உங்கள் எண் நான்கு மடங்கு பொய்.

## மனிதத் தட்டுக்கான வரம்பை விலங்குக்குப் போடுவது

உணவுப் பாதுகாப்பு வரம்பு மனிதர் எவ்வளவு மீன் தின்பார் என்ற கணக்கில் வந்தது. அந்த மீனுக்கோ அதைத் தின்னும் ஆலா என்ற கடற்பறவைக்கோ உடம்பு எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. நெத்திலியையும் சூரையையும் நீளம் குறிக்காமல் ஒரே அட்டவணையில் போடுவதும் வேண்டாம்.

## துடித்துச் சாகும் விலங்கைத் தேடுவது

ஜப்பானின் மினமாட்டா நினைவில் வந்து எல்லோரையும் குழப்புகிறது. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவாவதற்கு முன்பே அங்கே பூனைகள் வலிப்பு வந்து சுழன்று செத்தன, பறவைகள் விழுந்தன. அது தொழிற்சாலைக் கழிவு நேரே கொட்டிய விரிகுடா. திறந்த கடலில் சேதம் சத்தமில்லாமல் நடக்கும். ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் கிட்டிவேக் என்ற கடற்காகங்களை ஆராய்ந்தபோது, ரத்தத்தில் பாதரசம் கூடுதலாக இருந்தவை அந்த வருஷம் முட்டையிடாமலே இருந்துவிட்டன. பார்வைக்கு அவை நல்ல பறவைகள். கூட்டில் முட்டை இல்லை, அவ்வளவுதான்.

## கூட்டமாக ஒதுங்கினால் உடனே பாதரசம் என்பது

2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, கடலில் என்ன கலந்தது என்றுதான் என்னிடம் முதலில் கேட்டார்கள். 1973-இலும் அதே கரையில் அதே இனம் ஒதுங்கியிருக்கிறது. ஒட்டிக்கொண்டே திரியும் இனம், உலகெங்கும் கூட்டமாகக் கரையேறுகிறது. மெத்தில் பாதரசம் வருஷக்கணக்கில் சேருவது. ஒரே ராத்திரியில் ஒரு கூட்டத்தையே தள்ளிவிட்டது அதுதான் என்று சொல்ல, அவற்றின் மூளைத் திசுவாவது கையில் இருக்க வேண்டும்.

## பழைய இறகு

பழைய காலத்துப் பாதரச அளவை அறிய அருங்காட்சியக இறகை அளப்பவர்கள் உண்டு. ஆனால் அங்குள்ள பறவைத் தோல்களைப் பூச்சி அரிக்காமலிருக்க மெர்குரிக் குளோரைடு பூசியிருப்பார்கள். மொத்தப் பாதரசம் அளந்தால் பூசியவரின் கைவேலை வரும். மெத்தில் பாதரசத்தை மட்டும் அளந்து பாருங்கள்.

## ஆய்வகத்தில் பாதரச வெப்பமானி

தூக்கி வெளியே வையுங்கள்.

## பல்

ஓங்கிலின் பல்லை நீளவாக்கில் அறுத்தால் மர வளையம் போல அடுக்குகள் தெரியும், வயது அதில்தான். ஒரு பல் போதும், குறடு இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. மாணவியிடம் கேட்டேன். எடுக்கவில்லை, புதைத்தாகிவிட்டது. ஆனால் குழிக்குப் பக்கத்தில் நின்று ஜிபிஎஸ் குறித்து வைத்திருக்கிறார். சதை மக்கட்டும், ஒரு வருஷம் கழித்துத் தோண்டிக்கொள்ளலாம் என்றேன். ரம்பத்தோடு நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.