போனட் படத்துக்கு சைலன்சர் பெயிண்ட் எதற்கு? கார் ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"போனட்ல புலி படம் போடணும், எஞ்சின் சூடு தாங்குற ஹீட் பெயிண்ட் எது நல்லது?" காரில் ஓவியம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், தவறும் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கடையில் போய் இப்படிக் கேட்டால் 600 டிகிரி தாங்கும் என்று லேபிள் ஒட்டிய ஒரு ஸ்ப்ரே டின்னை எடுத்துக் கொடுப்பார்கள். அது சிலிகான் ரெசின் பெயிண்ட், சைலன்சருக்கும் எக்ஸாஸ்ட் பைப்புக்கும் செய்தது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் உண்மையில் இறுக வேண்டுமானால் படிப்படியாகச் சூடேற்றி ஏறத்தாழ 200 டிகிரியாவது காட்ட வேண்டும். கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, நிழலே இல்லாத இடத்தில் நிற்கும் கறுப்பு காரின் போனட்கூட 70, 80 டிகிரியைத்தான் தொடும். கீழே எஞ்சின் ஓடி, சிக்னலில் நின்று நின்று போனால் இன்னும் கொஞ்சம் ஏறலாம், அவ்வளவுதான். அந்தச் சூட்டில் இந்தப் பெயிண்ட் கடைசிவரை முழுதாக இறுகவே இறுகாது. நகத்தால் கீறினால் வரும், பெட்ரோல் பட்ட துணியில் துடைத்தால் கையோடு வரும், மேலே அடிக்கிற கிளியரும், அதாவது நிறமில்லாத மேல்பூச்சும், பிடிக்காது. போதாக்குறைக்கு நாலைந்து நிறம்தான் கிடைக்கும், அதுவும் மங்கலாக. புலியை எதை வைத்து வரைவது?

சரி, அப்படியானால் என்ன வேண்டும்? பாடி பேனலுக்கு நல்ல 2கே கிளியர் போதும், அதாவது ஹார்டனர் (இறுக வைக்கிற திரவம்) கலந்து அடிக்கிற பி.யூ. (பாலியூரித்தேன்) கிளியர். இதை பெயிண்ட் அடிக்கிற மூடிய அறையான பூத்தில் வைத்துக் காய வைப்பதே தகடு 60 டிகிரிக்கு வந்த பிறகு அரை மணி நேரம் என்ற கணக்கில்தான், ஆகவே முழுதாக இறுகிய கிளியருக்கு 80 டிகிரி ஒரு பொருட்டே இல்லை. எஞ்சின் கவர் மேல் வரையப் போகிறீர்கள் என்றால் எஞ்சின் எனாமல், பிரேக் காலிப்பருக்குக் காலிப்பர் பெயிண்ட், அவை தனி விஷயம். போனட்டைப் பொறுத்தவரை பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் போனட்டைத் தூக்கி உள்பக்கம் ஒரு பார்வை பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கிற இன்சுலேஷன் பேட் கிழிந்து தொங்கினாலோ, எலி கடித்துத் துப்பியிருந்தாலோ, முதலில் அதை மாற்றுங்கள். எந்த ஹீட் பெயிண்டையும்விட அதுதான் படத்தைக் காப்பாற்றும்.

கார் ஓவியத்தைக் கெடுப்பது நேரடியாகச் சூடு இல்லை. வெயிலில் வருகிற யூவி (புற ஊதாக் கதிர்), அடியில் மாட்டிக்கொண்ட தின்னர், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத அடுக்குகள், இந்த மூன்றும்தான் கெடுக்கின்றன. சூடு இவற்றை வேகப்படுத்துகிறது, டிசம்பரில் ஒளிந்திருந்த குறை மே மாதத்தில் வெளியே வந்து நிற்கும்.

அடுக்கு என்று சொன்னதும் முதலில் பார்க்க வேண்டியது காரில் ஏற்கெனவே இருக்கிற பெயிண்ட் என்ன என்பதுதான். பழைய அம்பாசடர், பியட் மாதிரி வண்டிகளில் மேலே டுகோ, அதாவது தின்னர் ஆவியாகியே காய்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட், அடித்திருப்பார்கள், சிலதில் சிந்தெடிக் எனாமலே இருக்கும். கண்ணுக்கு எல்லாம் ஒரே பளபளப்பு. சோதிப்பது சுலபம்: டிக்கி கதவின் உள்விளிம்பு மாதிரி மறைவான இடத்தில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் தின்னர் நனைத்து அரை நிமிடம் அழுத்தித் தேயுங்கள். துணியில் நிறம் இறங்கினால் டுகோ போன்ற, ஹார்டனர் கலக்காத 1கே பெயிண்ட், பெயிண்ட் சுருங்கித் தோல் மாதிரி எழும்பினால் எனாமல், ஒன்றும் ஆகவில்லை என்றால் இறுகிய 2கே அல்லது கம்பெனி பெயிண்ட். முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும் அதன் மேல் நேராகப் படம் வரைந்து 2கே கிளியர் அடிக்கக் கூடாது. கிளியரில் உள்ள தின்னர் உள்ளே இறங்கி அடிப் பெயிண்டை எழுப்பிவிடும். தகடு வரை சுரண்டிவிட்டு பிரைமரிலிருந்து (அடிப்பூச்சு) தொடங்குவதுதான் வழி, செலவு இழுக்கும், வேறு வழியில்லை.

இதே காரணத்தால்தான் லாரி பெயிண்டரிடம் எனாமலில் படம் எழுதி வாங்கிவிட்டு, "பளபளன்னு இருக்கட்டும்" என்று அதன்மேல் 2கே கிளியர் அடிக்கச் சொல்வதும் தவறு. அவர்கள் கை பிரமாதமான கை, பிரஷ்ஷில் அவர்கள் இழுக்கிற கோட்டை ஏர்பிரஷ்காரர் (காற்றழுத்தத்தில் நிறத்தைப் பீச்சும் சின்ன கருவியில் வரைகிறவர்) பலர் இழுக்க மாட்டார்கள். ஆனால் லாரி எஃப்.சி.க்குப் (தகுதிச் சான்றிதழ் சோதனை) போகும்போதெல்லாம் பெயிண்ட் பார்த்துவிடுவார்கள், அந்தப் படம் பத்து வருஷம் நிற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. காரில் எதிர்பார்க்கிறார்கள். எனாமல்தான் வேண்டும் என்றால் கிளியர் இல்லாமல் விட்டுவிடுங்கள், மங்கும்போது அவரையே கூப்பிட்டுப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

அடுத்தது நிறம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ட்யூப் அக்ரிலிக்கில் காரில் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். கேன்வாஸுக்கு அது நல்ல சரக்கு, தகட்டின் மேல் வெயிலில் அது இளகும், மேலே கிளியர் இறுகியிருக்க அடியில் இது மென்மையாகக் கிடந்தால் பிடிப்பு போய்விடும். இன்னொரு ஆசை ஃபுளோரசன்ட். பச்சை, ஆரஞ்சு, பிங்க் என்று கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலில் மிக சீக்கிரம் வெளுப்பவை அவைதான், எவ்வளவு விலையுள்ள யூவி கிளியர் போட்டாலும் சரி. யூவியையும் வாங்கித்தான் அவை ஒளிர்கின்றன, கிளியர் யூவியைத் தடுத்தால் ஒளிர்வும் குறையும், இரண்டும் சேர்ந்து வராது. அடிநிறம் ஊடே தெரிகிற கேண்டி நிறங்களில் கரையும் சாயம் போட்டவையும் உண்டு, பிக்மென்ட் (கரையாத நிறப்பொடி) போட்டவையும் உண்டு, நம் ஊர் வெயிலுக்கு இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

முகம் வரைகிறவர்கள் இதில் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். சாமி முகமோ, அப்பா முகமோ, தோல் நிறத்துக்குக் கலக்கிற சிவப்பு மட்டமானதாக இருந்தால் அதுதான் முதலில் போகும், மீதி நிறங்கள் அப்படியே இருக்கும், கடைசியில் முகம் மஞ்சள் காமாலை வந்தது போல நிற்கும். குயினாக்ரிடோன் வகை சிவப்பு, தாலோ நீலம், தாலோ பச்சை, அயர்ன் ஆக்சைடு பழுப்பு, டைட்டானியம் வெள்ளை, இவை வெயிலுக்குத் தாங்கும். லேபிளில் பிக்மென்ட் எண் போட்டிருந்தால் பாருங்கள், பி.ஆர். 122 என்று இருந்தால் அது குயினாக்ரிடோன் மெஜன்டா, பி.பி. 15 என்றால் தாலோ நீலம். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் ஒரு குறுக்குவழி: கார் பெயிண்ட் கலந்து கொடுக்கிற கடையில் பேஸ்கோட்டின் (கிளியருக்கு அடியில் வரும் நிறப்பூச்சு) டின்ட்டர்களை, அதாவது நிறம் கலக்கிற மூல நிறங்களை, சின்ன அளவில் வாங்கி, அதே கம்பெனி பைண்டரும் (நிறத்தைப் பிடித்துவைக்கும் ரெசின்) தின்னரும் சேர்த்து ஏர்பிரஷ்ஷில் ஓட்டுவது. வெளிவெயிலுக்கென்றே தேர்ந்தெடுத்த பிக்மென்ட்கள் அவை.

தண்ணீர் கலந்த ஏர்பிரஷ் பெயிண்டில் வரைவதும் தவறில்லை, பட்டறையில் மூச்சு முட்டாது. ஆனால் சென்னை மாதிரி கடலோர ஊரில் காற்றே ஈரம். தொட்டால் அஞ்சு நிமிடத்தில் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் இருக்கும், அதன்மேல் கிளியர் அடித்துவிட்டால் ஹார்டனர் அந்த ஈரத்தோடு வேலை செய்து நுண்ணிய குமிழ் விடும். ஹேர் டிரையர் பிடித்து, ஓர் இரவு விட்டு, அப்புறம் கிளியர் அடியுங்கள். முதல் கோட் மெல்லிசாக, தூறல் மாதிரி விழ வேண்டும், எடுத்தவுடனே ஈரமாக அடித்தால் நுண்ணிய கோடுகள் கரைந்து ஓடிவிடும்.

கிளியர் விஷயத்தில் நடக்கிற தவறுகளுக்கு அளவே இல்லை. மரச் சாமானுக்கு அடிக்கிற பி.யூ.வை "பி.யூ. தானே" என்று காருக்கு அடிப்பது ஒன்று. வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கான பி.யூ.வில் ஆரோமேட்டிக் வகை ஹார்டனர் இருக்கும், வெயில் பட்டால் மஞ்சளாகும், வெள்ளைக் காரில் வரைந்த படம் எண்ணெய்க் காகிதத்தை மேலே போர்த்தியது போல ஆகிவிடும். காருக்கான கிளியரில் இருப்பது அலிபாட்டிக் ஹார்டனர், கூடவே யூவி தடுப்பான்கள். எபாக்ஸி ரெசினை மேலே ஊற்றிக் கண்ணாடி மாதிரி செய்கிற வீடியோக்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அதுவும் மஞ்சளாகும்.

அதைவிடப் பரவலான தவறு தின்னர். 2கே கிளியரில் டுகோவுக்கான என்.சி. தின்னர் ஊற்றுவது பல பட்டறைகளில் சர்வ சாதாரணம், லிட்டருக்குக் காசு மிச்சமாகிறது, கிளியரும் அன்றைக்கு நன்றாகவே விழும். என்.சி. தின்னரில் ஆல்கஹால் இருக்கும், கொஞ்சம் ஈரமும் இருக்கலாம், இரண்டும் ஹார்டனரைத் தின்றுவிடும். கிளியர் பார்க்கக் காய்ந்தாலும் உள்ளே அரைகுறைதான். முதல் கோடையில் பளபளப்பு இறங்கும், கார் கவரின் தடம் பதியும். பெயிண்டர் கலக்கும்போது பக்கத்தில் நின்று டின்னைப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள், காசு கொடுப்பது நீங்கள். ஹார்டனர் டின்னையும் பாருங்கள்: மூடியைச் சுற்றி வெள்ளையாகப் பொரிந்திருந்தாலோ, உள்ளே இருப்பது கலங்கலாகவோ கொழகொழவென்றோ இருந்தாலோ அது காற்றிலிருந்து ஈரம் குடித்துக் கெட்டுப்போனது. பழைய டின்னில் மிச்சமிருந்ததை உங்கள் காரில் தீர்க்க விடாதீர்கள்.

ஹார்டனரில் ஃபாஸ்ட், மீடியம், ஸ்லோ என்று உண்டு. பட்டறைக்குள் 35 டிகிரி இருக்கும்போது ஃபாஸ்ட் போட்டால் மேல்தோல் டக்கென்று மூடிக்கொள்ளும், அடியில் இருக்கிற தின்னர் வெளியேற வழியில்லாமல் குண்டூசி முனை அளவு துளைகளாக வெடித்துக்கொண்டு வரும். நம் கோடைக்கு ஸ்லோ ஹார்டனர், ஸ்லோ தின்னர், முடிந்தால் காலை வேளை. "ஹார்டனர் கொஞ்சம் தூக்கலா போட்டா கெட்டியா நிக்கும்" என்பதும் தவறு, நொறுங்குகிற தன்மை வரும். 2:1 என்று டேட்டா ஷீட்டில் (கம்பெனி தரும் செய்முறைத் தாள்) இருந்தால் 2:1தான், கண் அளவில் ஊற்றக் கூடாது, அளவு போட்ட கப் வேண்டும்.

கனம் பற்றி: படத்தில் மாஸ்கிங் (டேப் ஒட்டி மறைத்து அடிப்பது) விளிம்புகள் மேடாகத் தெரியும், அதை மறைக்க ஒரே மூச்சில் ஐந்தாறு கோட் கிளியர் அடிக்கிறார்கள். கம்பெனியிலிருந்து வரும் கிளியர் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். அதைப்போலப் பல மடங்கு கனமான கிளியர், தகடு சூட்டில் விரிந்து மழையில் சுருங்கும்போது கூடவே அசைய முடியாமல் விரிசல் விடும். சரியான முறை: இரண்டு கோட் அடித்து நன்றாகக் காய விட்டு, 800 எமரி பேப்பரில் தண்ணீர் விட்டு விளிம்புகளைத் தேய்த்து மட்டமாக்கி, அப்புறம் கடைசியாக இரண்டு கோட். எமரி நிறத்தைத் தொட்டுவிட்டால் படம் போச்சு, அதனால் இந்த வேலையை உதவிப் பையனிடம் விடாத பெயிண்டராகப் பாருங்கள். இன்னொன்று, யூவி தடுப்பு கிளியரின் கனத்தில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் ரப்பிங் பாலிஷ் போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரானைச் சுரண்டிப் போடுகிறார்கள்.

மேட் கிளியர் பார்க்க அழகு. கீறல் விழுந்தால் பாலிஷ் செய்ய முடியாது, செய்த இடம் மட்டும் பளபளக்கும், அந்தப் பேனல் முழுக்கத் திரும்ப அடிக்க வேண்டும். தெரிந்தே போடுங்கள்.

படம் போனட்டிலிருந்து பம்பருக்கும் இறங்குகிறதா? பம்பர் பிளாஸ்டிக், வெயிலில் தகட்டைவிடப் பல மடங்கு விரியும். பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் அடித்தால் வாட்டர் வாஷ் பீச்சிலேயே செதில் செதிலாகக் கிளம்பும். கிளியரிலும் வளைந்து கொடுக்க வைக்கிற ஃபிளெக்ஸ் சேர்க்க வேண்டுமா என்று டேட்டா ஷீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய வேலை என்றால் காரில் கை வைப்பதற்கு முன் சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டிப் பாகங்கள் விற்கிற இடத்தில் ஒரு பழைய கதவை வாங்கி, அதில் இதே பிரைமர், இதே நிறங்கள், இதே கிளியர் அடித்து, பாதியை அலுமினியம் ஃபாயில் போட்டு மூடி, மொட்டை மாடியில் ஒரு கோடை முழுக்க வெயிலில் போட்டு வையுங்கள். ஃபாயிலை எடுக்கும்போது இரண்டு பாதிக்கும் நிறம் வித்தியாசம் தெரிந்தால் எந்த நிறத்தை விட வேண்டும் என்பது கடைக்காரர் சொல்லாமலே தெரிந்துவிடும். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது.

வேலை முடிந்து வந்த முதல் மாதம் கவர் போடாதீர்கள், வேக்ஸ், செராமிக், பிபிஎஃப் (பெயிண்டைக் காக்க ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) எதுவும் வேண்டாம், கிளியருக்குள் மிச்சமிருக்கும் தின்னர் வெளியே போகட்டும். பிபிஎஃப் ஒட்டுகிற எண்ணம் இருந்தால் பெயிண்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிடிப்பு சரியில்லாத படத்தின்மேல் ஒட்டிவிட்டுப் பின்னால் உரிக்கும்போது படமும் சேர்ந்து வரும். வேப்பமரத்தடியில் நிழல் கிடைக்கிறது என்று நிறுத்தினால் காக்காய் எச்சம் விழும். சூட்டில் லேசாக இளகியிருக்கும் கிளியரில் அது காய்ந்து இறுகும்போது குழி விழுந்துவிடும், பார்த்த உடனே தண்ணீர் விட்டு ஊற வைத்துத் துடையுங்கள், காய்ந்ததைச் சுரண்டாதீர்கள்.

2கே கிளியரை வீட்டு போர்ட்டிகோவில் நீங்களே அடிப்பதாக இருந்தால், மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு அடிக்காதீர்கள். ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் ஆஸ்துமா கொண்டுவரும், ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு இழுக்கும். வாசனை வரவில்லை என்பதால் காற்றில் இல்லை என்று அர்த்தமில்லை. வெளியிலிருந்து காற்று வருகிற மாஸ்க் உள்ள பூத்தில் கொடுத்து அடித்துக்கொள்வதுதான் சரி, படத்தை மட்டும் நீங்கள் வரையுங்கள். படத்தோடு காரின் மூல நிறத்தையும் மாற்றுகிறீர்கள் என்றால் ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று, எல்லா டின்னின் லேபிளையும், பேட்ச் எண் தெரிகிற மாதிரி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கலந்த விகிதத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நாளைக்கு ஆட்டோக்காரர் ஒரு மூலையில் உரசிவிட்டுப் போனால் டச்சப் செய்கிற பெயிண்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.