நெடுநாள் நின்ற ரெயில் பஸ்ஸின் டீசல் எஞ்சினை எழுப்புவது

மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உப்புக்காற்றும் மாரி ஈரமும் குடித்து நின்ற ரெயில் பஸ்ஸென்றால் (தண்டவாளத்தில் ஓடும் பஸ்), பெயின்ற் பிறகு. முதலில் எஞ்சின்.

ஸ்டார்ட்டரை அழுத்தவே வேண்டாம். பிஸ்டன் ரிங் துருவில் ஒட்டியிருந்தால் உடையும். வால்வு இறுகியிருந்தால் அதைத் திறக்க உந்தும் புஷ் ரொட் வளையும். டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் 30 மில்லிலீற்றர் மெல்லிய ஒயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பின் கிராங்க் தண்டின் முனை நட்டில் நீண்ட ஸ்பானர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. இறுகினால் பலம் காட்டாமல் மறுபடி ஊறவிடுங்கள். இன்ஜெக்டர்களைத் திரும்பப் பூட்டுமுன் இன்னும் சில சுற்றுச் சுற்றி, மிஞ்சிய ஒயிலை வெளியேற்றுங்கள்; தேங்கினால் ஒயில் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும்.

சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள ஒயில் தொட்டி) ஒயில் பால்தேநீர் நிறமா? தண்ணீர் கலந்துள்ளது. வெட் லைனர் (குளிர்நீர் நேரே தொடும் சிலிண்டர் உறை) எஞ்சினானால் சம்ப்பைக் கழற்றி, ரேடியேட்டரை நிரப்பி ஓரிரவு விடுங்கள். லைனர் அடியில் சொட்டினால் ரப்பர் வளையம் போய்விட்டது.

டீசல் தாங்கியின் அடித்தண்ணீரையும் கறுப்புச் சேற்றையும் வடித்து, பில்டர்களை மாற்றி, டீசல் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்டின்போது ஒருவர் எஞ்சின் காற்றிழுக்கும் வாயருகே தடித்த பலகையோடு நிற்கட்டும். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்ப் ராக் சிக்கினால் எஞ்சின் கட்டுமீறி ஓடும்; காற்றை அடைத்தால் நிற்கும். கையால் அடைக்கவே கூடாது.