15 பிள்ளைகள் போதும்: வகுப்பறையில் ஒரு கிரேக்கத் துன்பியல் நாடகம்

வகுப்பில் இருப்பதே 15 பேர், இவர்களை வைத்துக்கொண்டு என்ன நாடகம் போடுவது? தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த எங்கள் பீடோங் (மலேசியாவின் கெடா மாநிலம்) பக்கத்தில் ஓர் ஆண்டில் அவ்வளவு பேர் சேர்ந்தாலே தலைமையாசிரியர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் கணக்கை ஏதென்ஸ் நகரிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கி.மு. 458-ல் நாடகாசிரியர் எஸ்கிலஸ் தம் ‘ஒரெஸ்தியா’ நாடக முத்தொடரை அங்கே மேடையேற்றியபோது கோரஸ் என்ற பாடற்குழுவில் 12 பேர். வசனம் பேசிய நடிகர்கள் 3 பேர். மொத்தம் 15. பெரிய பள்ளிகள்தான் மீதிப் பிள்ளைகளை என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டும்.

ஆண்டு 5, 6 மாணவர்களுக்கான ஆறு வாரத் திட்டம் இது. வாரத்திற்கு ஒரு மணி நேரமும், முகமூடி செய்ய இரண்டு சனிக்கிழமைக் காலைகளும் ஒதுக்க முடிந்தால் போதும். நாடகம் எழுதியோ இயக்கியோ பழக்கம் இல்லாத ஆசிரியரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

படி 1: வரலாற்றைச் சுவரில் கட்டுங்கள்

பாடம் நடத்தாதீர்கள். துணி காயப்போடும் கயிறு ஒன்றை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை கட்டி, அட்டைகளைக் கவ்விகளால் தொங்கவிடச் சொல்லுங்கள். கி.மு. 534: டயோனைசஸ் என்ற தெய்வத்திற்கு ஏதென்ஸ் எடுத்த வசந்த விழாவில் தெஸ்பிஸ் துன்பியல் நாடகப் பரிசு பெற்றதாக மரபு சொல்லும் ஆண்டு. கி.மு. 472: இன்று நமக்குக் கிடைக்கும் கிரேக்க நாடகங்களில் மிகப் பழையதான ‘பாரசீகர்கள்’. கி.மு. 441 வாக்கில் சோஃபக்ளிஸின் ‘ஆன்டிகனி’. கி.மு. 431: யூரிப்பிடிஸின் ‘மீடியா’.

அதே கயிற்றில் நம் பக்கத்து அட்டைகளும் தொங்க வேண்டும். அரங்கின் நீள அகலத்தையும் மூவகை எழினியையும் (திரை) சொல்லும் சிலப்பதிகார அரங்கேற்று காதை, தெருக்கூத்தின் கட்டியங்காரன், 1867-ல் பிறந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள், யுனெஸ்கோ 2005-ல் சிறப்பித்த கிளந்தானின் மாக் யோங் என்ற மலாய் ஆடல் நாடகம். கடைசிக் கவ்வியை வெறுமையாக விட்டு, வீட்டுப்பாடம் கொடுங்கள்: தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாடகம் பார்த்த தாத்தா பாட்டி யாராவது இருந்தால் மூன்று கேள்விகள். என்ன கதை? பெண் வேடம் யார் கட்டினார்கள்? வெளிச்சம் எங்கிருந்து வந்தது? பால்மரம் வெட்டிய காலத்துக் கதைகளை எடுக்க இதைவிட நல்ல சாவி கிடையாது. ஆண்களே ஸ்திரீபார்ட் கட்டினார்கள் என்று ஒரு பாட்டியாவது சொல்லியனுப்புவார். ஏதென்ஸிலும் அப்படித்தான், நடிகர்கள் எல்லோரும் ஆண்கள் என்று அப்போது சொல்லுங்கள். தேர்வுக்கு மனப்பாடம் செய்வதைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

படி 2: கதையை உறவுமுறையால் சொல்லுங்கள்

நான் பரிந்துரைப்பது ‘ஆன்டிகனி’. தீப்ஸ் நகர அரியணைக்காக அண்ணன் தம்பி இருவர் மோதி, ஒருவர் கையால் ஒருவர் மடிகிறார்கள். அடுத்து அரசனாகும் கிரியோன், நகரைக் காத்தவனுக்கு முழு மரியாதையோடு அடக்கம் செய்கிறான். வெளிநாட்டுப் படையோடு வந்த பாலினைசஸின் உடலைப் புதைக்கக் கூடாது, மீறினால் மரணம் என்று அறிவிக்கிறான். தங்கை ஆன்டிகனி போய் அந்த உடலின்மேல் மண் தூவுகிறாள். பிடிபடுகிறாள்.

பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று பிள்ளைகள் சிணுங்குவார்கள். கரும்பலகையில் குடும்ப மரத்தை வரைந்துவிட்டால் நிலைமை மாறும். கிரியோன் யார்? ஆன்டிகனியின் அம்மாவோடு பிறந்தவன், அதாவது தாய்மாமன். அவன் மகன் ஹைமன், இவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். மாமன் மகன், முறை மாப்பிள்ளை. தாய்மாமனே ஒரு பிடி மண்ணுக்குத் தடை போடுகிறான் என்றதும் தோட்டத்துப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சாவு வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் பிள்ளைகள் பாடநூலில் படிப்பதில்லை, பார்த்தே வளர்கிறார்கள். கிரேக்கம் தூரமான பாடம் என்று நினைத்துக்கொண்டு இதைத் தயங்கித் தயங்கித் தொடும் ஆசிரியர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எல்லோரும் உடனே ஆன்டிகனி பக்கம் சாய்வார்கள். அங்கே நிறுத்தாதீர்கள். வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதி கிரியோனுக்காக வாதாட வேண்டும் என்று கட்டாயப்படுத்துங்கள். நேற்றுவரை நகரைக் கொளுத்த வந்த படையின் தலைவன் பாலினைசஸ். அவனுக்கும் நகரைக் காத்தவனுக்கும் ஒரே மரியாதையா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் திணறும்போதுதான் துன்பியல் நாடகம் என்ன செய்கிறது என்பது பிடிபடும். வில்லனை அடித்தால் முடிந்துவிடும் கதை இல்லை இது.

ஓர் எச்சரிக்கை. மூலத்தில் ஆன்டிகனி, ஹைமன், கிரியோனின் மனைவி மூவரும் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்கள். தொடக்கப்பள்ளிக்கு அது வேண்டாம். ஆன்டிகனியைக் குகைக்கு அழைத்துச் செல்வது, பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ் கிரியோனை எச்சரிப்பது, தூதன் வந்து “காலம் கடந்துவிட்டது” என்று ஒரே வரியில் சொல்வது என முடித்துக்கொள்ளுங்கள். கிரேக்க மேடையிலும் சாவு பெரும்பாலும் பார்வையாளர் கண்முன் நடப்பதில்லை. தூதன் வந்து சொல்லித்தான் தெரியும். ஆகவே மரபைக் கெடுத்துவிட்டதாக யாரும் குறை சொல்ல முடியாது.

படி 3: மூன்று பேருக்குள் எல்லா வேடங்களும்

பேசும் நடிகர் மூவர் மட்டும் என்ற விதியைத் தளர்த்தாதீர்கள். ஒரே பிள்ளை முகமூடியை மாற்றிக்கொண்டு பல வேடம் கட்ட வேண்டும். ‘ஆன்டிகனி’க்குக் கணக்கு இப்படி விழும்: முதல் நடிகர் ஆன்டிகனி, பிறகு டைரீசியஸ். இரண்டாமவர் இஸ்மினி என்ற தங்கை, காவலன், ஹைமன், தூதன். மூன்றாமவர் முழுக்கக் கிரியோன். காவலன் வெளியே போன பிறகுதான் இஸ்மினி உள்ளே வருவாள். இடையில் கோரஸுக்கு நாலைந்து வரி கொடுத்துவிட்டால் முகமூடி மாற்ற நேரம் கிடைக்கும். இரண்டாமவருக்குத்தான் வேலை அதிகம். நினைவாற்றலைவிட நிதானம் உள்ள பிள்ளையாகத் தேர்ந்தெடுங்கள்.

மற்ற 12 பேரும் கோரஸ், தீப்ஸ் நகரப் பெரியவர்கள். இது மீந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. நாடகம் முழுக்க அரங்கில் நிற்பவர்கள் இவர்கள்தான். அரசனுக்குப் பயந்து முதலில் தலையாட்டி, மெல்ல மெல்ல மனம் மாறுகிறார்கள். (சோஃபக்ளிஸ் இந்தக் குழுவை 15 ஆக உயர்த்தினார் என்பார்கள். வகுப்பில் 18 பேர் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.)

படி 4: முகமூடி

ஏழு வேடங்கள், 12 கோரஸ், ஆக 19 முகமூடிகள். ஒரு பலூனிலிருந்து இரண்டு வரும். 10 பலூன் போதும். வெடிப்பவற்றுக்காக ஐந்தாறு கூடுதலாக வாங்குங்கள்.

கிரேக்க நடிகர்களின் முகமூடி ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. துணியைப் பசையில் விறைப்பாக்கிச் செய்தார்கள், தலைமுடியோடு சேர்த்துத் தலையையே மூடும்படி அமைத்தார்கள் என்பதைப் பழைய குறிப்புகளிலிருந்தும், பானை ஓவியங்களிலிருந்தும் அறிகிறோம். நாமும் துணியில்தான் செய்யப்போகிறோம். வீடுகளிலிருந்து பழைய வெள்ளை வேட்டி கேளுங்கள். எத்தனை துவைத்திருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு கோப்பைக் கோதுமை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நான்கு கோப்பைக் கொதிநீரில் ஊற்றிக் கிளறுங்கள். கூழ் பதத்திற்கு வந்ததும் ஒரு கரண்டி உப்பு. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உப்பு ஓரளவு உதவும். அடுப்பு வேலை ஆசிரியருடையது.

பலூனைப் பிள்ளையின் தலையைவிடச் சற்றுப் பெரிதாக ஊதி, ஒரு மங்குக் கிண்ணத்தின்மேல் நிறுத்துங்கள். முதல் அடுக்குக்குப் பழைய நாளிதழ் கீற்றுகளைத் தண்ணீரில் மட்டும் நனைத்து ஒட்டினால் பிறகு பலூன் எளிதாகக் கழன்றுவிடும். அடுத்த இரண்டு அடுக்கு நாளிதழ் பசையோடு. அதன்மேல் இரண்டு அடுக்கு வேட்டித்துணி, இரு விரல் அகலக் கீற்றுகளாக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக. வெயிலில் வைக்காதீர்கள். சூட்டில் பலூன் விரிந்து ஈர ஒட்டு பிளந்துவிடும். நிழலில், காற்றாடிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் காயட்டும். விறைத்த பிறகு வெயில் காட்டலாம்.

பலூனை உடைத்து, முட்டை வடிவத்தை நெடுக்கு வாட்டில் இரண்டாக வெட்டுங்கள். ஊறவைத்த முட்டை அட்டையைப் பிசைந்து பசை சேர்த்தால் மூக்குக்கும் புருவத்துக்கும் அருமையான கூழ். முகத்தின் குணம் புருவத்தில்தான் இருக்கிறது. வர்ணம் பூசிச் சரிசெய்துகொள்ளலாம் என்று அதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். கண்ணுக்கு ஒரு 50 சென் நாணயம் நுழையும் அளவு துளை, வாய்க்குக் குரல் தடையின்றி வரும் அளவு திறப்பு. கண் துளையின் ஓரங்களைத் துணிநாடாவால் கட்டாயம் மூடுங்கள். நெற்றி படும் இடத்தில் பஞ்சு ஒட்டினால் மூச்சுக்கும் வியர்வைக்கும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும்.

வாய் அகலத் திறந்த முகமூடி ஒலிபெருக்கியாக வேலை செய்தது என்று பல நூல்களில் இருக்கும். அதற்கு உறுதியான சான்று கிடையாது. படங்களில் பார்க்கும் பிளந்த வாயும் உயர்ந்த நெற்றிமுடியும் பிற்கால வழக்கம். சோஃபக்ளிஸ் காலத்து முகமூடிகள் அமைதியான முகங்கள். அதனால் அழும் முகம் ஒன்று, சிரிக்கும் முகம் ஒன்று என்று செய்ய வேண்டாம். பாதி திறந்த வாயும் எந்த உணர்ச்சியும் முடிவாகாத முகமும் இருந்தால்தான், தலை குனியும்போது துயரமும் நிமிரும்போது பிடிவாதமும் தெரியும்.

வெள்ளைப் பூச்சு முதலில். பானை ஓவிய மரபில் பெண்ணின் முகம் வெளிறியும் ஆணின் முகம் அடர் நிறமாகவும் இருக்கும். நிறத்தை வைத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கிண்டல் செய்யும் வகுப்பு என்றால் அந்த மரபைக் கண்ணை மூடிக்கொண்டு கைவிடுங்கள். முடியிலும் தாடியிலும் வேறுபாடு காட்டினால் போதும். தாடிக்குத் தேங்காய் நார். கோரஸின் 12 முகங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதற்குத்தான் பிள்ளைகள் முரண்டு பிடிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: வசனம்

பத்துப் பன்னிரண்டு நிமிட நாடகம் போதும். கதாபாத்திரங்களின் வசனத்தை நீங்கள் எழுதுங்கள், கோரஸின் வரிகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். இப்படித் தொடங்கலாம்:

கிரியோன்: தடை இருப்பது உனக்குத் தெரியுமா?
ஆன்டிகனி: தெரியும். ஊருக்கே அறிவித்தீர்களே.
கிரியோன்: தெரிந்தும் மீறினாயா?
ஆன்டிகனி: தடை நேற்றுப் பிறந்தது, மாமா. இறந்தவருக்குச் செய்யும் கடன் அதற்கு முன்பே இருக்கிறது.
கோரஸ், வலப்பக்கம்: அரசன் சொன்னது சட்டம்.
கோரஸ், இடப்பக்கம்: உடன்பிறந்தவன் கிடப்பது வெயிலில்.

கிரேக்கக் கோரஸ் இரட்டைக் குழல் இசைக்கு ஆடிக்கொண்டே பாடியது. நமக்கு உறுமி இருக்கிறது. தோட்டத்தில் உறுமி மேளக் குழு இல்லாத இடம் அரிது. ஓர் இளைஞரைக் கூப்பிட்டு, எட்டு எண்ணிக்கையில் மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் எட்டுக்கு வலப்பக்கம் நடை, அடுத்த எட்டுக்கு இடப்பக்கம், பிறகு நின்று பேச்சு. ஆங்கிலக் கூட்டுப் பேச்சுப் போட்டிக்குப் பழகிய பிள்ளைகள் ஒரே குரலில் இழுத்துப் பாடத் தொடங்குவார்கள். பேச்சின் இயல்பான வேகத்துக்கு அவர்களைத் திருப்புங்கள்.

படி 6: முகமூடியோடு நடிப்பு

முதல் ஒத்திகைகள் முகமூடி இல்லாமல். பிறகு மூன்று விதிகள். பேசும்போது முகம் பார்வையாளரை நோக்கியே இருக்க வேண்டும், பக்கவாட்டில் திரும்பினால் முகமூடி செத்துவிடும். கையால் முகமூடியைத் தொடக் கூடாது. பேசுபவர் மட்டும் அசைய வேண்டும். மற்றவர்கள் சிலையாக நிற்காவிட்டால் குரல் எந்த முகத்திலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்கு மிகக் கடினம் இந்த மூன்றாவதுதான்.

பக்கப் பார்வை குறையும் என்பதால் மேடையும் படிக்கட்டும் வேண்டாம்.

படி 7: அரங்கு

எபிடாரஸ் நகரின் வட்ட ஆடுகளம் ஏறத்தாழ 20 மீட்டர் குறுக்களவு. பள்ளிப் பூப்பந்துத் திடலின் அகலம் 6.1 மீட்டர், அதற்குள் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போடுங்கள். பின்னால் ஒரு திரை, முகமூடி மாற்ற ஒரு மேசை. பார்வையாளர் மூன்று பக்கமும் பாயில் உட்காரலாம். கிரேக்க விழா பகலில் நடந்தது, ஆகவே விளக்குச் செலவு இல்லை. வாராந்திரச் சபைகூடல் முடிந்த கையோடு காலை வெயில் ஏறுவதற்குள் நடத்திவிடலாம். ஏதென்ஸில் கோரஸின் செலவை வசதி படைத்த குடிமகன் ஒருவர் தலையில் கட்டுவார்கள். நமக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறது. பலூன், வர்ணம், மாவு என்று பட்டியலோடு போனால் மறுக்க மாட்டார்கள்.

முடிந்த பிறகு முகமூடிகளை நன்றாகக் காயவைத்து, உள்பக்கம் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்து, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அந்துருண்டையோடு வையுங்கள். மாவுப் பசை கரப்பான்பூச்சிக்கு விருந்து. அடுத்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் ஒருநாள் காற்றாட விட்டு, பஞ்சையும் நாடாவையும் புதிதாக மாற்றிக்கொடுங்கள்.