கால்சியம் ஏறியதா, அளவுகோல் நகர்ந்ததா? சுரப்புச் சோதனைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1882-இல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் நெடுநேரம் துடிக்கவைத்து, அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அந்தக் கரைசல் வாலைவடிநீரில் அல்ல, குழாய்த் தண்ணீரில் தயாரானது என்பது பிறகுதான் தெரியவந்தது. வாலைவடிநீரில் தயாரித்துப் பார்த்ததும் இதயம் சீக்கிரமே அடங்கிப்போனது. குழாய்த் தண்ணீரோடு வந்த கால்சியம்தான் அதுவரை இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883-இல் ரிங்கரே இதைத் திருத்தி எழுதினார். கால்சியம் எலும்புக்கும் பல்லுக்கும் மட்டுமான சரக்கல்ல என்பது அப்படித்தான் தெரியவந்தது.

ரிங்கருக்குத் தவறே கண்டுபிடிப்பானது. இன்று அதே தவறு நடந்தால் ஒரு மாத உழைப்பு வீணாவதோடு சரி. கணையத்தில் செரிமான நொதிகளைச் சுரக்கும் அசினார் செல்களில் கால்சியத்தையும், மாவுப்பொருளைச் செரிக்கும் நொதியான அமைலேஸின் சுரப்பையும் சேர்த்து அளக்கும் சோதனையை இங்கே எடுத்துக்கொள்வோம். செல்லுக்குள் இருக்கும் கால்சியச் சேமிப்பை ஐபி3 என்ற சிறு மூலக்கூறு திறந்துவிடுகிறது என்று 1983-இல் முதலில் காட்டப்பட்டதும் இதே செல்லில்தான். இதில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: மாறியது செல் அல்ல, செல்லை அளந்த கோல்.

சேர்க்காமல் விட்டால் இல்லாமல் போகாது

கால்சியம் குளோரைடை மட்டும் விட்டுவிட்டுக் கரைசல் தயாரித்து, பாட்டிலில் 'கால்சியம் இல்லை' என்று எழுதி ஒட்டுவது பலருக்கும் வழக்கம். தண்ணீர், கண்ணாடிப் பாத்திரம், மற்ற உப்புகள், ஆல்புமின் எல்லாமாகச் சேர்ந்து சில மைக்ரோமோலார் கால்சியத்தைக் கொண்டுவந்துவிடும். ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். அதாவது 'இல்லை' என்று எழுதிய பாட்டிலில், செல்லுக்குள் இருப்பதைப் போலப் பல பத்து மடங்கு கால்சியம் இருக்கிறது.

அதனால் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளை 0.5 முதல் 1 மில்லிமோலார் சேர்ப்பார்கள். அடுத்த வரிசைத் தவறுகள் அங்கே தொடங்குகின்றன. ஈஜிடிஏ நடுநிலை நீரில் சரியாகக் கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஹெச்சை 8 வரை ஏற்றினால்தான் 100 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். இரண்டாவது, எளிய கணக்கு: 1.2 மில்லிமோலார் கால்சியம் உள்ள கரைசலில் 1 மில்லிமோலார் ஈஜிடிஏ போட்டால் 0.2 மில்லிமோலார் கால்சியம் மிச்சம். அதைக் 'கால்சியம் அற்றது' என்று சொல்ல முடியாது. மூன்றாவது, ஈஜிடிஏ ஒரு கால்சியத்தைப் பிடிக்கும்போது இரண்டு புரோட்டான்களை விடுகிறது. பிஹெச் இறங்குகிறது. பிஹெச் இறங்கினால் ஈஜிடிஏவின் பிடியும் தளர்கிறது. 7.4 இருக்க வேண்டிய இடத்தில் 7.2 இருந்தால் பிரிகை மாறிலி (பிடி எவ்வளவு தளர்வு என்பதன் அளவு) ஏறத்தாழ இரண்டரை மடங்காகிவிடும். எனவே ஈஜிடிஏ சேர்த்த பிறகு பிஹெச் மீட்டரை இன்னொரு முறை வைத்துப் பார்க்க வேண்டும். முன்பே பார்த்தாயிற்று என்று விடக் கூடாது.

செல்களைக் கால்சியம் அற்ற கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டு, 'வெளிக் கால்சியம் இல்லாவிட்டால் பதிலே இல்லை' என்று முடிவுகட்டுவதும் உண்டு. அந்த அரைமணியில் உள்ளே இருந்த சேமிப்பும் கசிந்து தீர்ந்திருக்கும். செல்களுக்கிடையிலான பிணைப்புகளும் நெகிழ்ந்திருக்கும். தூண்டலுக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு கரைசலை மாற்றினால் போதும்.

இதில் கண்ணில் படாத பொறி இன்னொன்று. அமைலேஸ் நொதிக்கே கால்சியம் வேண்டும். அது இல்லாவிட்டால் நொதி சரிவர வேலை செய்யாது. செல்களுக்கு மேல் நிற்கும் ஈஜிடிஏ கலந்த திரவத்தை அப்படியே நொதிச் சோதனைக்குக் கொண்டுபோனால் அமைலேஸ் குறைவாகத் தெரியும். சுரப்பு குறைந்ததா, சுரந்த நொதி முடங்கிக் கிடக்கிறதா என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. கால்சியம் மிகையாக உள்ள சோதனைக் கரைசலில் மாதிரியை நன்றாக நீர்க்கவைத்தால் இது பெரும்பாலும் சரியாகும். சரியானதா என்று பார்க்கவும் வழி உண்டு: உடைத்த செல்களின் சாற்றை ஒரே அளவில் எடுத்து, பாதியைச் சாதாரணக் கரைசலிலும் பாதியை ஈஜிடிஏ கரைசலிலும் கலந்து அளக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒன்றாக வந்தால் மேலே போகலாம். இந்த ஒரு சோதனைக் குழாயைத் தவிர்த்ததால் வந்த தவறான முடிவுகளைப் பிறகு எந்தப் புள்ளியியலாலும் காப்பாற்ற முடியாது. புதிய மருந்து எதைச் சேர்த்தாலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

சாயம் ஏற்றுவதில்

கால்சியத்தைப் பிடித்ததும் ஒளிர்வு மாறும் சாயம் ஃப்யூரா-2; அதன் செல்லுக்குள் நுழையக்கூடிய எஸ்டர் வடிவமான ஃப்யூரா-2 ஏஎம்மை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில், ஈரமில்லாமல், 1 மில்லிமோலாராகக் கரைத்து, சிறு குப்பிகளில் பிரித்து உறையவைக்க வேண்டும். ஒரே குப்பியைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பயன்படுத்தினால் காற்றின் ஈரத்திலேயே எஸ்டர் உடைந்துவிடும். பிறகு சாயம் செல்லுக்குள் நுழையாது. இருப்புக் கரைசல் 2 மைக்ரோலிட்டரோடு சாயம் கரைசலில் பரவ உதவும் 20 சதவீத ப்ளூரானிக் எஃப்-127 2 மைக்ரோலிட்டரை முதலில் கலந்து, பிறகு 1 மில்லிலிட்டர் கரைசலில் சேர்த்தால் சாயம் 2 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ சுமார் 0.4 சதவீதம். சாயம் ஏற்றாத ஒப்பீட்டுச் செல்களுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓவும் ப்ளூரானிக்கும் போக வேண்டும். கரைசலில் சீரம் இருக்கக் கூடாது. சீரத்தின் எஸ்டரேஸ் நொதிகள் சாயத்தை வெளியிலேயே வெட்டிவிடும்.

அறை வெப்பத்தில் 30 நிமிடம் ஏற்றி, கழுவி, இன்னும் 20 முதல் 30 நிமிடம் சும்மா விட வேண்டும். இந்தச் சும்மா விடும் நேரத்தைத்தான் அவசரத்தில் வெட்டுகிறார்கள். எஸ்டர் பாதி மட்டும் உடைந்த சாயம் ஒளிரும், ஆனால் கால்சியத்தை உணராது, இரண்டு அலைநீளங்களில் கிடைக்கும் ஒளியின் விகிதம் தட்டையாகிவிடும். 37 டிகிரியில் ஏற்றினால் வேகமாக ஏறும், ஆனால் எண்டோபிளாச வலை, மைட்டோகாண்ட்ரியா, சுரப்புத் துகள்கள் என்று உள்ளறைகளுக்குள்ளும் புகுந்துகொள்ளும். குறைந்த அளவு டிஜிட்டோனின் விட்டுப் பாருங்கள். வெளிச் சவ்வு ஓட்டையாகி சைட்டோசாலில், அதாவது செல்லின் உள்திரவத்தில், இருந்த சாயம் வெளியேறும். அப்புறமும் செல் கணிசமாக ஒளிர்ந்தால் சாயம் தவறான அறையில் உட்கார்ந்திருக்கிறது.

மங்கலாக இருக்கிறதே என்று சாயத்தைக் கூட்டுவது ஆசைதான். ஆனால் ஃப்யூரா-2 கால்சியத்தைப் பிடிக்கும் மூலக்கூறு. உள்ளே அதிகமானால் கால்சிய அலைவுகள் தணிந்து மெதுவாகும், சுரப்பும் குறையும். சாயம் ஏற்றிய செல்களும் ஏற்றாத செல்களும் ஒரே அளவு அமைலேஸ் சுரக்கின்றனவா என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

விகிதத்தை நானோமோலாராக்கும்போது

340, 380 நானோமீட்டரில் கிளர்த்தி 510 நானோமீட்டரில் கிடைக்கும் ஒளியின் விகிதத்தைச் செறிவாக மாற்றும் சூத்திரம் 1985-இல் இந்தச் சாயத்தோடேயே வந்தது. அதில் வரும் பிரிகை மாறிலி 224 நானோமோலார் என்று எங்கும் எடுத்தாளப்படுகிறது. அது 37 டிகிரிக்கான எண். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அது 135 முதல் 145 வரைதான். ஒன்றை இன்னொன்றின் இடத்தில் போட்டால் எல்லாச் செறிவுகளும் ஒன்றரை மடங்குக்கு மேல் தப்பும். செய்முறைத் தாளில் உள்ள 'அறை வெப்பம்' 20 முதல் 25 டிகிரி என்பதையும் மறக்கக் கூடாது. சித்திரை மாதத்துச் சென்னையில் ஏசி நின்றுபோன அறைக்கு அந்தச் சொல் பொருந்தாது.

சூத்திரத்துக்குத் தேவையான உச்ச விகிதத்தைப் பெற, கால்சியத்தைச் சவ்வு வழியே உள்ளே விடும் அயனோமைசின் 5 முதல் 10 மைக்ரோமோலாரும் 10 மில்லிமோலார் கால்சியமும் சேர்ப்பார்கள். கரைசலில் பாஸ்பேட் இருந்தால் அந்த இடத்திலேயே வெண்ணிற வீழ்படிவு வந்துவிடும். பாஸ்பேட் இல்லாமல், பிஹெச்சை நிலைநிறுத்த ஹெப்பிஸ் மட்டும் உள்ள கரைசலை இதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அயனோமைசின் இல்லையென்று ஏ23187-ஐ எடுக்க வேண்டாம். அதுவே இந்த அலைநீளங்களில் ஒளிரும். செல் இல்லாத இடத்தின் பின்புல ஒளியை இரண்டு அலைநீளங்களிலும் கழித்த பிறகுதான் விகிதம் எடுக்க வேண்டும். விகிதம் எடுத்துவிட்டுக் கழிப்பது கணக்கே அல்ல. ஒன்றிரண்டு மைக்ரோமோலாருக்கு மேல் ஃப்யூரா-2 நிறைந்துவிடும். உச்சிகள் எல்லாம் ஒரே உயரத்தில் தட்டையாக நின்றால், செல்லின் வரம்பா சாயத்தின் வரம்பா என்று சந்தேகப்பட வேண்டும். இத்தனையும் செய்ய முடியாதபோது நானோமோலார் என்று எழுதாமல் விகிதத்தையே வெளியிடுவது நேர்மையானது.

ஃப்ளூவோ-4 போன்ற ஒற்றை அலைநீளச் சாயத்தில் வேறொரு சிக்கல். நரம்பு முனைகள் விடும் அசெட்டைல்கோலின் பட்டதும் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல் குளோரைடையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றிச் சுருங்கும்; சுருங்கினால் சாயம் அடர்ந்து ஒளி கூடும். கால்சியம் ஏறியதன் மேல் இதுவும் ஏறி உட்காரும். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் குளுக்கோஸ் சேர்த்தால் என்ஏடிஹெச் என்ற வளர்சிதைமாற்ற மூலக்கூறு கூடி 340-இல் தானாகவே ஒளிரும். காஃபீன் சாயங்களின் ஒளியையே மாற்றும், ஐபி3 ஏற்பியையும் தடுக்கும். சாயம் ஏற்றாத செல்லில் அதே தூண்டலைக் கொடுத்துப் பார்த்தால் தானொளிர்வுக் குழப்பமாவது வெளிப்பட்டுவிடும்.

தூண்டலின் அளவு

கணையத்தைச் சுரக்கத் தூண்டும் சிசிகே-8 என்ற பெப்டைடு ஹார்மோனை 10 பிக்கோமோலார் கொடுத்தால் எலியின் அசினார் செல்லில் கால்சியம் அலையலையாக ஏறி இறங்கும். 10 நானோமோலார் கொடுத்தால் ஒரே பெரிய ஏற்றம், அப்புறம் தட்டையான மேடை. படத்தில் இரண்டாவதுதான் கம்பீரமாகத் தெரியும். ஆனால் அமைலேஸ் சுரப்பு அந்த அளவில் உச்சத்திலிருந்து இறங்கிவிடுகிறது. டிரிப்சின் நொதியின் உறங்குநிலை வடிவமான டிரிப்சினோஜன் செல்லுக்குள்ளேயே விழித்துக்கொள்கிறது. கணைய அழற்சியை ஆய்வகத்தில் உண்டாக்கவே இந்த மிகையளவு உத்தியைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டு அளவுகளை மட்டும் வைத்து 'கால்சியம் கூடியது, சுரப்பு குறைந்தது' என்று எழுதிவிடாமல், 1 பிக்கோமோலாரிலிருந்து 10 நானோமோலார் வரை படிப்படியாகப் போக வேண்டும். இவ்வளவு நீர்த்த பெப்டைடு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் 0.1 சதவீத ஆல்புமின் அவசியம். ஐந்து விநாடிக்கு ஒரு படம் எடுத்தால் அலையின் முனைகள் தப்பும். ஐம்பது செல்களின் சராசரிக் கோடு அலைகளையே விழுங்கிவிடும். தனித்தனிக் கோடுகளையும் காட்டுங்கள்.

செல்லின் மின்னழுத்தத்தை மாற்றித் தூண்டுவதற்காகப் பொட்டாசியம் குளோரைடு 50 மில்லிமோலாரைக் கரைசலின் மேல் அப்படியே கொட்டினால் ஊடுபரவு அழுத்தமும் கூடும். சோடியம் குளோரைடை அதே அளவு குறைக்க வேண்டும். இந்தத் தூண்டல் ஆய்வகத்தில் வளர்க்கும் பிசி12 செல்கள், அட்ரீனல் சுரப்பியின் குரோமஃபின் செல்கள், பீட்டா செல்கள் ஆகியவற்றுக்குத்தான். கணைய அசினார் செல்லில் மின்னழுத்தத்துக்குத் திறக்கும் கால்சிய வாய்க்கால்கள் இல்லை. திசுத் துண்டில் பதில் வந்தால், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் நரம்பு முனைகள் அசெட்டைல்கோலினை விட்டிருக்கும்.

2-ஏபிபி என்ற தடுப்பானைத் தனிச் சாட்சியாக நம்ப வேண்டாம். சேமிப்பு காலியானால் திறக்கும் வெளிவாயிலை அது 50 மைக்ரோமோலாரில் அடைக்கும், 10-க்குக் கீழே பல செல்களில் அதையே தூண்டிவிடும். அதேபோல், ஈஜிடிஏவின் செல்லுக்குள் நுழையும் வடிவமான ஈஜிடிஏ ஏஎம் ஏற்றியும் சுரப்பு குறையவில்லை என்றால் கால்சியத்துக்குப் பங்கில்லை என்று பொருளல்ல. ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும் வேகம் குறைவு. வாய்க்காலுக்கு வெகு அருகில் சுரப்புத் துகள் இருந்தால் அது பிடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். ஏறத்தாழ நூறு மடங்கு வேகமாகப் பிடிக்கும் பாப்டா என்ற வேதிப்பொருளோடு ஒப்பிட்டால்தான் வாய்க்காலுக்கும் துகளுக்கும் இடையிலான தூரம் பற்றிப் பேச முடியும்.

சுரப்பை எண்ணுவது

வெளியான அமைலேஸை அலகுகளாக மட்டும் தராமல், மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று தர வேண்டும். மொத்தம் என்பது வெளியே வந்ததும், 0.1 சதவீத டிரைட்டான் எக்ஸ்-100 விட்டு உடைத்த செல்லில் மிஞ்சியதும் சேர்ந்தது. கூடவே செல் சேதமானால் வெளியே கசியும் எல்டிஹெச் நொதியை அளக்காவிட்டால், சுரந்த நொதியையும் செத்த செல்லிலிருந்து கசிந்ததையும் பிரிக்க வழியில்லை. திசுவிலிருந்து செல்களைப் பிரித்தெடுக்கும் நொதியான கொலாஜினேஸில் அதிக நேரம் ஊறிய செல்கள் தூண்டாமலேயே கசியும். செத்த செல்லுக்குள் புகும் டிரிப்பான் நீலச் சாயத்தை 95 சதவீதத்துக்கு மேல் செல்கள் விலக்கினால்தான் அன்றைய தயாரிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரித்தெடுக்கும் கரைசலில் சோயா டிரிப்சின் தடுப்பான் 0.1 மில்லிகிராம்/மில்லிலிட்டர் இருக்கட்டும்.

கால்சியம் ஏறினால் சுரப்பு ஏறும் என்பதும் எல்லாச் செல்லுக்கும் பொருந்தாது. கன்னச் சுரப்பியான பரோட்டிடில் அமைலேஸை முக்கியமாக வெளியேற்றுவது சைக்ளிக் ஏஎம்பி என்ற செல்லுள் செய்தி மூலக்கூறு. கால்சியம் அங்கே நீரை ஓட்டுகிறது. பாராதைராய்டு செல்லில் கால்சியம் ஏறினால் ஹார்மோன் சுரப்பு அடங்குகிறது. சிறுநீரகத்தில் ரெனின் சுரக்கும் செல்லும் அப்படியே.

கடைசியாக, எண்ணிக்கை. ஒரு கவர்ஸ்லிப்பில் பார்த்த 60 செல்களை 60 சோதனைகளாக எழுதக் கூடாது. அவை ஒரே எலி, ஒரே கொலாஜினேஸ், ஒரே சாயக் குப்பி. மூன்று எலிகளிலிருந்து மூன்று நாட்களில் எடுத்திருந்தால் சோதனைகளின் எண்ணிக்கை (n) 3. ஒவ்வொரு எலிக்கும் ஒரு சராசரி எடுத்து அவற்றைத்தான் ஒப்பிட வேண்டும். செல்களின் எண்ணிக்கை படக்குறிப்பில் வரட்டும்.