சிவில், சுற்றுச்சூழல் பொறியியல் படிப்பு: விடை வந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்

இந்தப் படிப்பில் நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் நன்றாக உழைத்துப் படிக்கிற மாணவர்கள் செய்பவை. சூத்திரம் மனப்பாடம், எண்களைச் சரியாகப் போடவும் தெரியும், பழைய கேள்வித்தாளில் இருக்கிற கணக்கெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வந்த விடை நிஜத்தில் நடக்கக்கூடியதா என்று ஒரு நிமிடம் நின்று பார்க்கிற பழக்கம் மட்டும் வந்திருக்காது. அந்த ஒரு பழக்கம் இல்லாததுதான் ஸ்ட்ரக்சரில் ஒரு மாதிரி, மண்ணில் ஒரு மாதிரி, தண்ணீரில் வேறு மாதிரி என்று நான்கு வருடமும் வந்து படுத்துகிறது.

முதலில் ஸ்டாட்டிக்ஸ், அதாவது அசையாமல் நிற்கிற பொருளின் மேல் வரும் விசைகளின் கணக்கு. முதல் வருடத்திலேயே பாஸ் பண்ணியாச்சு என்று அதை மூடிவைத்துவிடுவார்கள், அதிலும் ஃப்ரீ பாடி டயகிராம் வரையாமல் நேராகச் சமன்பாட்டில் இறங்குவது என்று ஒரு பழக்கம் பிடித்துவிடும். ஒரு பாகத்தை மட்டும் தனியே பிரித்து, அதன் மேல் எங்கெங்கிருந்து என்னென்ன விசை வருகிறது என்று வரைய இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டால், 1981 ஜூலையில் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் நடைபாலங்கள் விழுந்ததைத்தான் சொல்வேன். 114 பேர் இறந்தார்கள். இரண்டாம் மாடி நடைபாலமும் நான்காம் மாடி நடைபாலமும் மேற்கூரையிலிருந்து வருகிற ஒரே நீளக் கம்பியில் தொங்குவதாகத்தான் முதலில் வரைந்திருந்தார்கள். தயாரிக்க வசதியாக இருக்கும் என்று அதை இரண்டு தனித்தனிக் கம்பிகளாக மாற்றினார்கள்: கூரையிலிருந்து நான்காம் மாடிக்கு ஒன்று, நான்காம் மாடி உத்தரத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு ஒன்று. ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவது வேறு, மேலே தொங்குகிறவரின் காலை இன்னொருவர் பிடித்துத் தொங்குவது வேறு இல்லையா? மேலே இருப்பவரின் கைக்கு இப்போது இரண்டு ஆள் எடை. அதேதான் அங்கேயும் நடந்தது, நான்காம் மாடி உத்தரத்துக்கு அடியில் இருந்த நட்டின் மேல் சுமை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. முதல் வடிவமைப்பே விதிமுறை கேட்ட அளவுக்குத் தாங்காது என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. இதில் உயர்ந்த கணிதம் எதுவும் கிடையாது. அந்த ஓர் இணைப்பை மட்டும் பிரித்து வரைந்திருந்தால் முதல் வருட மாணவரே கண்டுபிடித்திருப்பார்.

அதனால் எவ்வளவு எளிய கணக்காக இருந்தாலும் படம் வரையுங்கள். பெரிய கட்டடத்தைப் பார்க்கும்போதும் மேலே வைத்த சுமை எந்த வழியாக இறங்கித் தரைக்குப் போகிறது என்று மனதுக்குள் தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஸ்லாபிலிருந்து பீம், பீமிலிருந்து தூண், தூணிலிருந்து அடித்தளம், அங்கிருந்து மண். வழியில் எங்காவது ‘இதற்கு அப்புறம் எங்கே போகிறது’ என்று சொல்லத் தெரியாமல் நின்றால், நீங்கள் படிக்க வேண்டிய இடம் அதுதான்.

அலகுகள் பற்றி எல்லா ஆசிரியர்களும் சொல்லியிருப்பார்கள், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அலகை விடைக்குப் பக்கத்தில் மட்டும் எழுதாமல் ஒவ்வொரு வரியிலும் எழுதுங்கள். அதோடு சில எண்கள் யோசிக்காமல் நாக்கில் வர வேண்டும்: ஒரு கனமீட்டர் தண்ணீர் 9.81 கிலோநியூட்டன், கம்பி போட்ட கான்கிரீட் சுமார் 25, மண் பெரும்பாலும் 16 முதல் 20 வரை. 150 மி.மீ. ஸ்லாபின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன் என்று தெரிந்தவருக்கு, 37.5 என்று விடை வந்தால் உடனே உறுத்தும். தெரியாதவர் அதை அப்படியே அடுத்த வரிக்குக் கொண்டுபோய், பிரமாண்டமான பீம் ஒன்றை டிசைன் செய்துவிட்டு வருவார்.

சாஃப்ட்வேர் விஷயத்திலும் இதே கதைதான், அங்கே ஆபத்து கொஞ்சம் அதிகம், ஏனென்றால் திரையில் வண்ணப்படமாக வருகிற விடையைச் சந்தேகிக்க மனம் வராது. 1991 ஆகஸ்டில் நார்வேயில் ஸ்லெய்ப்னர் ஏ என்ற எண்ணெய்த் தளத்தின் கான்கிரீட் அடிப்பகுதி சோதனையின்போதே கடலில் மூழ்கியது. அமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துப் போடுகிற ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் சில சுவர்களின் ஷியர் தகைவு, அதாவது சுவரை வெட்டப் பார்க்கும் விசையின் செறிவு, கிட்டத்தட்ட 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. அந்தத் துண்டுகளின் வலை, அதாவது மெஷ், அந்த இடத்தில் போதிய நுட்பமாக இல்லை. விபத்துக்குப் பிறகு கவனமாகப் போட்ட கணக்கில் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது, நிஜத்தில் உடைந்தது ஏறக்குறைய 65 மீட்டரில். ஆக, முறையில் கோளாறு இல்லை, முறையைப் பயன்படுத்திய விதத்தில்தான் கோளாறு. நீங்கள் மாணவராகச் செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. மாடலை ஓட்டியதும் தாங்கிகளில் வருகிற ரியாக்‌ஷன்களை எல்லாம் கூட்டி, நீங்கள் வைத்த மொத்தச் சுமைக்குச் சமமாக வருகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு பீமை எடுத்து, சீரான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்து, பீமை வளைக்கிற அந்த மொமென்ட்டுக்குப் பக்கத்தில் திரையில் உள்ளது இருக்கிறதா என்று பாருங்கள். தொடர் பீமாக இருந்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும், ஆனால் பத்து மடங்கு வித்தியாசம் வராது.

மண்ணுக்கு வருவோம். ஸாயில் மெக்கானிக்ஸைச் சூத்திரங்களின் பட்டியலாகப் படிக்கிறவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள். கனமீட்டருக்கு 20 கிலோநியூட்டன் எடையுள்ள மண்ணில், நிலத்தடி நீர் தரைமட்டம் வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் மொத்தத் தகைவு 200 கிலோபாஸ்கல், அதில் 98-ஐத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது, மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது வெறும் 102. மணலின் உராய்வு வலிமை அந்த 102-ஐ நம்பித்தான் இருக்கிறது. மண் இயக்கவியலின் முன்னோடி டெர்சாகி சொன்ன இந்தப் பயன்தகைவுக் கருத்து ஒன்று உள்ளே இறங்கிவிட்டால் சரிவு, தாங்குதிறன், மண் அமிழ்வு, மண் திரவமாகிவிடுவது எல்லாமே ஒரே பாடத்தின் கிளைகளாகத் தெரியும். இறங்காவிட்டால் ஒவ்வொரு அத்தியாயமும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டிய சுமை. நிலவியலையும் துணைப்பாடம் என்று தள்ளிவிடாதீர்கள். 1963-இல் இத்தாலியின் வயோன்ட் அணைக்கு நடந்தது என்ன? பக்கத்து மலை நீர்த்தேக்கத்துக்குள் சரிந்து, எழுந்த அலை அணையைத் தாண்டிப் போய்ச் சுமார் 2,000 பேரைக் கொன்றது. கான்கிரீட் அணை இடியாமல் நின்றது.

இப்போது நான் அதிகம் பேச நினைத்த இடம். சுற்றுச்சூழல் பாதியை ‘தியரி பேப்பர், கடைசி வாரம் படித்தால் போதும்’ என்று நினைக்கிற மாணவர்கள் ஏராளம். வேதியியலைப் பள்ளியோடு விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் சிவிலுக்கு வந்தவர்கள் இவர்களில் நிறைய. 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் தன் குடிநீர் மூலத்தை ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை, ஆற்று நீரில் குளோரைடும் அதிகம். பழைய குழாய்களின் உட்புறம் படிந்திருந்த பாதுகாப்புப் படலம் கரைந்து ஈயம் தண்ணீருக்குள் வந்தது, குழந்தைகளின் ரத்தத்தில் அது தெரிந்தது. பம்பு ஓடியது, அழுத்தம் இருந்தது, ஹைட்ராலிக்ஸ் கணக்கில் குறை சொல்ல எதுவும் இல்லாமல் இருந்திருக்கலாம். மக்கள் குடித்ததோ ஈயம் கலந்த தண்ணீரை. காரத்தன்மை, பிஹெச், கரைதிறன் என்று தேர்வுக்காக மட்டும் படிக்கிற சொற்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான். தயவுசெய்து இந்தப் பாடத்தை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுற்றுச்சூழல் பாடத்தில் ஃப்ரீ பாடி டயகிராமுக்குச் சமமானது பொருள் சமநிலை, அதாவது மாஸ் பேலன்ஸ். ஒரு பெட்டி வரைந்து, உள்ளே வருவது, வெளியே போவது, உள்ளே அழிவது, தேங்குவது என்று நான்கையும் எழுதாமல் கணக்கைத் தொடங்கவே கூடாது. விநாடிக்கு 5 கனமீட்டர் ஓடும் ஆற்றில் பி.ஓ.டி., அதாவது தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படுகிற ஆக்ஸிஜன், லிட்டருக்கு 2 மில்லிகிராம். அதில் விநாடிக்கு அரை கனமீட்டர் கழிவுநீர் 30 மில்லிகிராமோடு கலக்கிறது. கலந்ததும் சுமார் 4.5 வரும். இரண்டையும் சும்மா சராசரி எடுத்து 16 என்று எழுதுகிறவர்கள் உண்டு, ஓட்டத்தின் அளவை மறந்துபோனவர்கள். விடை 2-க்குக் கீழேயோ 30-க்கு மேலேயோ வந்தால் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்பே தவறு என்று தெரிய வேண்டும்.

ஆய்வகத்தில் நடக்கிற தவறு வேறு ரகம், இது கொஞ்சம் நேர்மை சம்பந்தப்பட்டது. பி.ஓ.டி. பாட்டிலை 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்க்கும்போது ஆக்ஸிஜன் குறைந்தது 1 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும், 2 மில்லிகிராமாவது செலவாகியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அளவீடு செல்லாது. செல்லாத பாட்டிலையும் சராசரியில் சேர்த்து அழகான எண் ஒன்றை எழுதிவிடுவது, போன வருட ரெக்கார்டைப் பார்த்து அளவீட்டைத் திருத்துவது, கான்கிரீட் கலவை இறுகலாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டு 28 நாள் கழித்து வலிமை ஏன் குறைந்தது என்று விழிப்பது, எல்லாம் ஒரே வகை. விடை கெட்டுப்போனால் கெட்டது என்றே எழுதி, ஏன் கெட்டது என்று யோசித்து எழுதுங்கள். அந்தப் பத்தியில் கற்றுக்கொள்வது சரியான விடையில் கிடைக்காது.

சர்வேயில் ஒரு நுட்பமான ஏமாற்றம் இருக்கிறது. மட்டம் பார்க்கும்போது கருவியை வைத்ததும் எடுக்கிற முதல் அளவீடு பேக்சைட், கருவியை நகர்த்துவதற்கு முன் எடுக்கிற கடைசி அளவீடு ஃபோர்சைட். பேக்சைட் கூட்டுத்தொகையிலிருந்து ஃபோர்சைட் கூட்டுத்தொகையைக் கழித்தால் கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் வந்துவிட்டது, ஆகவே எல்லாம் சரி என்று முடித்துவிடுவார்கள். அது கூட்டல் கழித்தலைத்தான் சரிபார்க்கிறது. ஸ்டாஃபை, அதாவது நிறுத்திவைத்த அளவுகோலை, நீங்கள் தவறாகப் படித்திருந்தாலும் அந்தச் சோதனை பிசகாமல் சரியாகவே வரும். மட்டம் தெரிந்த ஒரு புள்ளிக்குத் திரும்பி வந்து மூடினால்தான் களத்தில் நடந்த பிழை வெளியே தெரியும்.

விதிமுறைப் புத்தகங்களைப் பற்றி ஒன்றே ஒன்று: எண்ணை மனப்பாடம் செய்யும் நேரத்தில், கம்பிக்கு ஏன் இவ்வளவு கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்) கேட்கிறார்கள், ஏன் குறைந்தபட்சக் கம்பி என்று ஒரு விதி வைத்தார்கள் என்று கேளுங்கள். எண்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

கடைசியாக, குழு ப்ராஜெக்ட். எப்போதும் ஒருவரே வரைவார், ஒருவரே கணக்குப் போடுவார், ஒருவரே அறிக்கை எழுதுவார், அதுவே வேகமாகவும் முடியும். நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் வரைந்தவருக்குச் சுமை கணக்கிட வராது, கணக்குப் போட்டவருக்கு அதை நான்கு வரியில் விளக்கி எழுத வராது. மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த செமஸ்டரில் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள், ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து தனியாகப் போட்டுப் பார்த்த பிறகே அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.