மகள் தூங்கினால் வைஃபை அறுந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே இணையத்தளம் செய்து தருகிறேன். ஐந்து நாளாக ஒரே தொல்லை: சர்வருக்குக் கோப்பு ஏற்றும்போது பாதியில் அறுந்துவிடும். இரவில்தான் அதிகம்.

சர்வர் அமைப்புகளைப் புரட்டினேன், பிழை இல்லை. ரௌட்டரை ரீசெட் செய்தேன். வைஃபை சேனலை, அதாவது அலைவரிசைக்குள் அது பிடித்துக்கொள்ளும் இடத்தை, 1, 6, 11 என்று மாற்றிப் பார்த்தேன். லைனைச் சோதிக்க வந்தவர் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள்தான் கவனித்தேன்: மகள் தூங்கும்போது மட்டும் அறுகிறது. மதியத் தூக்கத்திலும் அப்படியே. அவள் தூங்கினால்தான் தொட்டில் பக்கத்தில் பேபி மானிட்டரை, குழந்தை அழுதால் அடுத்த அறையில் கேட்க வைக்கும் கருவியை, போடுவோம். அதன் அடியில் பொடி எழுத்தில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் என்றிருந்தது. எங்கள் வைஃபையும் அதே அலைவரிசைதான்; இரண்டும் மோதிக்கொண்டன. இந்த வகை மானிட்டர் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசை முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கும். சேனல் மாற்றியும் பலிக்காததற்கு அதுதான் காரணம்.

மடிக்கணினியை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அறுவது நின்றது, ஆனால் இரண்டு செங்கல் சுவர் தாண்டி சிக்னல் மெலிந்தது. அப்புறம் ரௌட்டரிலிருந்து மேசைக்கு 15 மீட்டர் லேன் கேபிள் இழுத்தேன். நேற்றிரவு மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க, 600 எம்பி பேக்கப் ஒரே மூச்சில் ஏறியது. அப்பாடா!