கொள்கைக் கலந்துரையாடல் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொதுக் கொள்கை குறித்து ஆய்வு மையங்கள் நடத்தும் கலந்துரையாடல்களுக்குப் பினாங்கில் குறைவில்லை. அண்மைக் காலமாக நம் தமிழ் அமைப்புகளும் பள்ளி, வருமானம், வீட்டு வசதி ஆகியவை பற்றி இத்தகைய கூட்டங்களை நடத்துவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவற்றுள் பல, கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே முடிந்துவிடுகின்றன.

அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாராமல் பேச்சாளர்களை அழைப்பதே இவற்றுள் பெரிய தவறு என்பேன். மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி மத்திய அரசின் பொறுப்பு. நிலம் மாநில அரசின் பொறுப்பு. தமிழ்ப்பள்ளியை இடம் மாற்றுவது என்றால் இரண்டும் ஒரே கோப்பில் வந்து சேர்கின்றன. செபராங் பிறையில் நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், தாய் ஒருவர் நான்காக மடித்து வைத்திருந்த கடிதத்தைப் பிரித்துக் காட்டி, பள்ளிக்கு ஒதுக்கிய நிலத்தில் கட்டடம் எப்போது எழும் என்று கேட்டார். நிலம் கொடுத்தாயிற்று, கட்டடம் அமைச்சின் வேலை என்று மேடையில் இருந்தவர் பதில் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை; ஆனால் அமைச்சிலிருந்து ஒருவரையும் அழைத்திருக்கவில்லை. அந்தத் தாய் கடிதத்தைப் பழையபடி நான்காக மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தலைப்பை முடிவு செய்த அன்றே, இதில் கையெழுத்திடும் அதிகாரம் எந்தெந்த அலுவலகத்துக்கு உண்டு என்று எழுதி வைத்து, அதன் பிறகே அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தால் அவர் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்.

அடுத்தது, எண்களை அவற்றின் வரையறையோடு சொல்லாமை. 2020 ஜூலையில் அரசாங்கம் வறுமைக் கோட்டு வருமானத்தை மாதம் 980 ரிங்கிட்டிலிருந்து 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. பழைய முறையில் 2016-ஆம் ஆண்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு, புதிய முறையில் அதே ஆண்டுக்கு 7.6 விழுக்காடு, 2019-க்கு 5.6 விழுக்காடு. பழைய 0.4-ஐயும் புதிய 5.6-ஐயும் அருகருகே வைத்து, மூன்றே ஆண்டுகளில் வறுமை பதினான்கு மடங்கு பெருகிவிட்டது என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஒரே அளவுகோலில் பார்த்தால் அது குறைந்திருக்கிறது என்று எதிரில் இருக்கும் அதிகாரி ஒரே வாக்கியத்தில் மறுத்துவிடுவார், அதன்பின் நாம் சொல்லும் உண்மையான குறைகளும் எடுபடாது. சராசரி வருமானத்தையும் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானத்தையும் குழப்புவதும் இதே வகைத் தவறுதான். 2022-இல் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட். சரிபாதிக் குடும்பங்களின் வருமானமோ 6,338 ரிங்கிட்டுக்குக் கீழே. பி40 எனப்படும், வருமானத்தில் கீழ்நிலையில் உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்களைப் பற்றிய கூட்டத்தில் முதல் எண்ணை மட்டும் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

சாத்தம் ஹவுஸ் விதியைப் பிழையாகப் புரிந்துகொள்வதும் அடிக்கடி நடக்கிறது. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்னும் ஆய்வு மையத்தில் 1927-இல் உருவான அந்த விதி, கூட்டத்தில் கேட்ட செய்தியைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. சொன்னவர் யார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யாரெல்லாம் வந்திருந்தார்கள் என்பதைத்தான் வெளியிடக் கூடாது. எதையும் வெளியே பேசக் கூடாது என்று நெறியாளர் அறிவித்துவிட்டால், பயனுள்ள கருத்துகளும் அந்த அறைக்குள்ளேயே அடைபட்டுவிடும்.

நேரத்தைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பிரமுகர்களின் வாழ்த்துரைக்கு முக்கால் மணி நேரமும் கேள்விகளுக்குப் பத்து நிமிடமும் என்பது தலைகீழான கணக்கு. மொழியைப் பொறுத்தவரை, மலாயிலோ ஆங்கிலத்திலோ கூட்டம் நடந்தாலும், தமிழில் கேட்கும் கேள்வியை மொழிபெயர்த்து மேடைக்குக் கொண்டு செல்ல ஒருவரை நியமிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் தம் குறையைத் தம் மொழியில் சொல்லும்போதுதான் விவரம் முழுமையாக வரும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் அக்டோபரில் நாடாளுமன்றத்தில் தாக்கலாகிறது. நிதி ஒதுக்கீடு கோரும் கூட்டத்தை நவம்பரில் வைத்தால், அந்தக் கோரிக்கை ஓராண்டு காத்திருக்க நேரிடும். ஜூன், ஜூலையிலேயே கூடி, இரண்டு பக்க அறிக்கையைத் தமிழிலும் மலாயிலும் எழுதி, ஒரு வாரத்துக்குள் உரிய அமைச்சுக்கும் மாநில ஆட்சிக்குழு உறுப்பினருக்கும் நேரில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.